கணிப்பொறிக்குள் ஒரு முட்டுக்கட்டை

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் அடிக்கடி காணக்கூடிய ஒரு காட்சியிலிருந்து தொடங்குவோம். இரண்டு மாணவர் குழுக்கள் சோதனை செய்ய வந்திருக்கின்றன. இரண்டுக்கும் ஒரு டேனியல் மின்கலமும் ஒரு கால்வனாமீட்டரும் தேவை. ஆனால் அன்றைக்கு நல்ல நிலையில் இருப்பவை ஒரே ஒரு மின்கலமும் ஒரே ஒரு கால்வனாமீட்டரும்தான். முதல் குழு கால்வனாமீட்டரை எடுத்துக்கொண்டு மின்கலத்துக்காகக் காத்திருக்கிறது. இரண்டாம் குழு மின்கலத்தை எடுத்துக்கொண்டு கால்வனாமீட்டருக்காகக் காத்திருக்கிறது. கையில் உள்ளதைக் கொடுத்துவிட்டால் திரும்பக் கிடைக்காதோ என்ற அச்சம் இரு தரப்புக்கும் உண்டு. மணி அடிக்கிறது. இருவருடைய குறிப்பேட்டிலும் ஓர் அளவீடுகூட இல்லை.

இதில் குற்றம் யாருடையது? முதல் குழு செய்தது நியாயமே. இரண்டாம் குழு செய்ததும் நியாயமே. தனித்தனியே பார்த்தால் யாரும் தவறு செய்யவில்லை. எனினும் வேலை முற்றிலும் நின்றுபோயிற்று.

இதே நிலை கணிப்பொறிக்குள்ளும் ஏற்படுவதுண்டு. மின்சாரம் இருக்கும்; விசிறி சுழலும்; எந்தப் பாகமும் பழுதாகியிருக்காது; பிழை என்று எந்தச் செய்தியும் வராது. ஆனால் பொறி மட்டும் எதற்கும் அசையாது. உள்ளே பணிகள் ஒன்றுக்காக ஒன்று முடிவின்றிக் காத்துக்கொண்டிருக்கும். ஒரு வங்கியின் கணக்குகளையோ ஒரு மருத்துவமனையின் பதிவுகளையோ வைத்திருக்கும் பொறியில் இப்படி நேர்ந்தால் விளைவு எவ்வளவு கடுமையானது என்று எண்ணிப் பாருங்கள். இந்நிலைக்கு முட்டுக்கட்டை என்று பெயரிடலாம். இது எவ்வாறு கண்டறியப்பட்டது, இன்றைய கணிப்பொறிகளில் கோப்புகளுக்கும் நினைவகத்துக்கும் இடையே எவ்வாறு தோன்றுகிறது, அதை எவ்வாறு தவிர்க்கிறார்கள் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஐந்தோவன் நகரில்

கதை நெதர்லாந்து நாட்டின் ஐந்தோவன் நகரில் உள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. அங்கே கணிதப் பேராசிரியராக இருந்தவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. 1930-இல் ராட்டர்டாம் நகரில் பிறந்த இவர், லைடன் பல்கலைக்கழகத்தில் கோட்பாட்டு இயற்பியல் பயின்றவர் என்பது இயற்பியல் மாணவர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

அக்காலத்தில் ஒரே கணிப்பொறியில் பல பணிகளை ஒருங்கே நடத்தும் முயற்சி தொடங்கியிருந்தது. பணிகள் பல, கருவிகளோ சில. எனவே, யார் எதை எப்போது பயன்படுத்தலாம் என்பதற்குக் கட்டுப்பாடு வேண்டியதாயிற்று. இதற்காக டைக்ஸ்ட்ரா ஒரு முறையை வகுத்து, அதற்கு இரயில் பாதையில் நிற்கும் கைகாட்டியின் ஆங்கிலப் பெயரையே சூட்டினார். கைகாட்டி இறங்கினால்தான் வண்டி நகரலாம் அல்லவா? அதுபோலவே இங்கும் அனுமதி கிடைத்த பணி மட்டுமே முன்னேறும், மற்றவை காத்திருக்கும்.

காத்திருத்தல் என்று வந்துவிட்டால் அதனுடன் முட்டுக்கட்டையும் வந்துவிடும் என்பதை அவர் உடனே உணர்ந்தார். 1965-இல் எழுதிய ஒரு நீண்ட குறிப்பில் இதைச் சாவுத் தழுவல் என்ற பொருள்படும் சொல்லால் அழைத்தார். அதே ஆண்டில் தம் மாணவர்களுக்கு ஒரு தேர்வு வினாவும் கொடுத்தார். ஐந்து கணிப்பொறிகள், அவற்றிடையே ஐந்து நாடாக் கருவிகள். ஒவ்வொரு பொறிக்கும் இரண்டு கருவிகள் தேவை. என்ன செய்வது? இக்கணக்கைப் பின்னர் டோனி ஹோர் என்ற ஆங்கிலேய அறிஞர், வட்ட மேசையைச் சுற்றி உணவருந்தும் ஐந்து தத்துவஞானிகளின் கதையாக மாற்றினார். இன்றும் கணிப்பொறியியல் மாணவர் அனைவரும் படிக்கும் கதை அது.

டைக்ஸ்ட்ரா கூறிய பரிகாரங்களுள் ஒன்று வங்கியாளர் முறை. அதை எண்களால் விளங்கிக்கொள்வோம். ஒரு வங்கியாளரிடம் மொத்தம் 10,000 ரூபாய் இருக்கிறது. முருகனுக்கு அதிகபட்சம் 8,000 தேவை. இதுவரை 4,000 வாங்கியிருக்கிறார். கண்ணனுக்கு அதிகபட்சம் 7,000 தேவை. இதுவரை 2,000 வாங்கியிருக்கிறார். தம் தேவை முழுவதும் கிடைத்து வேலை முடிந்த பிறகே இருவரும் கடனைத் திருப்பித் தருவார்கள். வங்கியாளர் கையில் மீதி 4,000. இப்போது கண்ணன் மேலும் 2,000 கேட்கிறார். பணம் இருக்கிறதே என்று கொடுத்துவிடலாமா? கொடுத்தால் மீதி 2,000. முருகனுக்கு இன்னும் 4,000 வேண்டும். கண்ணனுக்கு இன்னும் 3,000 வேண்டும். இருவருடைய தேவையையும் நிறைவு செய்ய முடியாது. எனவே கடனும் திரும்பாது. ஆகவே, கையில் பணம் இருந்தும் கண்ணனைக் காத்திருக்கச் சொல்வதே அறிவுடைமை. முருகனுக்கு 4,000 கொடுத்து அவர் வேலையை முடிக்கச் செய்தால், 8,000 திரும்பி வரும். பிறகு கண்ணனுக்கும் தாராளமாகக் கொடுக்கலாம்.

முறை அழகானதுதான். ஆனால் ஒவ்வொருவருடைய அதிகபட்சத் தேவையும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நடைமுறையில் அது பெரும்பாலும் இயலாது.

டைக்ஸ்ட்ரா குழுவினர் எலக்ட்ரோலாஜிகா எக்ஸ்-8 என்ற பொறிக்காக உருவாக்கிய இயக்கமுறை, வேறொரு வழியைக் காட்டியது. அப்பொறியின் நினைவகத்தில் 32,000 சொற்களுக்குச் சற்று அதிகமாகவே இடம் இருந்தது. 1968-இல் வெளியான கட்டுரையில் அவர் இதை விளக்கினார். முழு அமைப்பும் மாடி வீடு போல அடுக்கடுக்காக அமைந்தது. அடித்தளத்தில் செயலியின் நேரத்தைப் பங்கிடும் பகுதி; அதற்கு மேல் நினைவகத்தை நிர்வகிக்கும் பகுதி; இவ்வாறே மேலே மேலே. மேல் அடுக்கு கீழ் அடுக்கிடம் உதவி கேட்கலாம். கீழ் அடுக்கு மேல் அடுக்குக்காகக் காத்திருக்கவே கூடாது. காத்திருத்தல் எப்போதும் ஒரே திசையில், மேலிருந்து கீழாக மட்டுமே நிகழ்வதால் அது ஒருபோதும் வட்டமாக வளையாது. வட்டம் இல்லையேல் முட்டுக்கட்டையும் இல்லை. இந்த அடுக்கு விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலச் சிக்கலுக்குக் காரணம் இது மீறப்பட்டதுதான்.

நான்கு நிபந்தனைகள்

அதே 1968-இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஹாவெண்டர் என்பவர் நடைமுறைக்கு எளிய ஒரு விதியை எடுத்துரைத்தார். எல்லாப் பொருள்களுக்கும் வரிசை எண் கொடுங்கள். எவரும் அந்த வரிசைப்படியே எடுக்க வேண்டும் என்பதே அது. நம் ஆய்வுக்கூடத்தில், கால்வனாமீட்டரை முதலில் எடுத்தவரே மின்கலத்தைக் கேட்கலாம் என்று ஒரு விதி இருந்திருந்தால் இரண்டாம் குழு மின்கலத்தைத் தொட்டிருக்காது. முதல் குழு சோதனையை முடித்திருக்கும்.

1971-இல் காஃப்மன், எல்ஃபிக், ஷோஷனி என்ற மூவர் இக்கருத்துகளைத் தொகுத்து, முட்டுக்கட்டை தோன்ற நான்கு நிபந்தனைகள் ஒருங்கே இருக்க வேண்டும் என்று காட்டினர். ஒன்று, பொருளை ஒரு நேரத்தில் ஒருவரே பயன்படுத்த முடியும். இரண்டு, ஒன்றைப் பிடித்துக்கொண்டே மற்றொன்றுக்காகக் காத்திருப்பர். மூன்று, ஒருவர் கையில் உள்ளதை மற்றவர் பறிக்க முடியாது. நான்கு, காத்திருப்போர் ஒரு வட்டமாக அமைவர். நான்கில் ஏதேனும் ஒன்றை நீக்கிவிட்டால் போதும், முட்டுக்கட்டை ஏற்படாது.

மேசைநாற்காலியின் நான்கு கால்களைப் போன்றவை இவை என்று கொள்ளலாம். எந்தக் காலை உடைப்பது எளிது என்பதை இடத்துக்கு இடம் பொறியாளர் முடிவு செய்ய வேண்டும். பின்வரும் பகுதி முழுவதும் இதற்கு எடுத்துக்காட்டே ஆகும்.

நினைவகத்தின் கடன்

கணிப்பொறியில் தகவல் இருக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று வட்டு, மின்சாரம் நின்றாலும் தகவல் அழியாது, ஆனால் மெதுவானது. மற்றொன்று நினைவகம்; மிக வேகமானது; ஆனால் மின்சாரம் நின்றால் எல்லாம் அழியும். சுழலும் வட்டில் ஒரு தகவலைத் தேடி எடுக்க ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு ஆகலாம். நினைவகத்துக்கோ அதில் இலட்சத்தில் ஒரு பங்கு நேரமே போதும். எனவே, ஒருமுறை வட்டிலிருந்து எடுத்த தகவலை நினைவகத்திலேயே ஒரு படியாக வைத்துக்கொள்வது வழக்கம். இதற்குக் கேஷ் என்று பெயர். நினைவகத்தில் காலியாக இருக்கும் இடமெல்லாம் பெரும்பாலும் கேஷுக்கே போய்ச் சேரும்.

ஆனால் இது கடனாகப் பெற்ற இடம். புதிய பணி ஒன்று நினைவகம் கேட்டால் கேஷ் தன் இடத்தைத் திருப்பித் தர வேண்டும். இவ்வாறு இடத்தைத் திரும்பப் பெறுவதை நினைவக மீட்பு எனலாம். பெரும்பாலான நேரங்களில் இது எளிய வேலை. வட்டில் உள்ளதன் படிதானே, அழித்துவிட்டால் ஆயிற்று. சில வேளைகளில் அப்படி முடிவதில்லை. நினைவகத்தில் உள்ள ஒரு கோப்பின் விவரத்தை நீக்குமுன், அக்கோப்புக்காக வட்டில் கூடுதலாக ஒதுக்கி வைத்த இடத்தையும் விடுவிக்க வேண்டியிருக்கலாம். அது வட்டில் எழுதும் வேலை. அதைச் செய்ய வேண்டியது கோப்பு முறைமை.

இங்கேதான் டைக்ஸ்ட்ராவின் அடுக்கு விதி மீறப்படுகிறது. நினைவகம் கீழ் அடுக்கு. கோப்பு முறைமை மேல் அடுக்கு. கோப்பு முறைமை நினைவகத்திடம் இடம் கேட்கிறது. நினைவகமோ இடம் தேடிக் கோப்பு முறைமையிடமே திரும்பி வருகிறது. காத்திருத்தல் இரு திசைகளிலும் செல்லத் தொடங்கிவிட்டது; வட்டம் உருவாக இனி ஒரு சிறு காரணமே போதும்.

உறையவைப்பது எதற்கு?

கடையில் ஆண்டு இருப்புக் கணக்கு எடுக்கும் நாளில் கதவை அடைத்துவிடுவார்கள். ஒருபுறம் எண்ணிக்கொண்டிருக்க, மறுபுறம் சரக்கு போய்க்கொண்டிருந்தால் கணக்கு எப்படிச் சரியாகும்? கோப்புகளைப் படியெடுத்துப் பாதுகாக்கும்போதும் அப்படித்தான். படியெடுக்கும் கணத்தில் யாரும் எழுதக் கூடாது. எழுத வந்தவர்களையெல்லாம் வாசலில் நிறுத்தி வைத்து, பாதியில் உள்ளவற்றை முடித்து, கோப்பு முறைமை முழுவதையும் அசையாமல் நிறுத்துவதற்கு உறையவைத்தல் என்று பெயர். வேலை முடிந்ததும் அதை இளகச் செய்வார்கள். நின்றவர்கள் எல்லோரும் உள்ளே போவார்கள்.

சிலிகான் கிராஃபிக்ஸ் நிறுவனம் தன் கணிப்பொறிகளுக்காக உருவாக்கி 1994-இல் வெளியிட்ட எக்ஸ்.எஃப்.எஸ். என்ற கோப்பு முறைமை இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகள் முதலில் சிட்டையில் எழுதிப் பின்னர் பேரேட்டில் ஏற்றுவது போல, இதுவும் மாற்றங்களை முதலில் ஒரு சிட்டையில் குறித்துக்கொள்ளும். நடுவில் மின்சாரம் நின்றாலும் சிட்டையைப் பார்த்துப் பேரேட்டைச் சரிசெய்துகொள்ளலாம். 2001-இல் இது லினக்ஸ் இயக்கமுறைக்கும் வந்தது. உறையவைக்கும் வசதி 2009-இல் லினக்ஸில் எல்லாக் கோப்பு முறைமைகளுக்கும் பொதுவாக்கப்பட்டது.

வட்டம் உருவாகும் விதம்

இப்போது நிகழ்ச்சியை ஒவ்வொரு படியாகப் பாருங்கள்.

நள்ளிரவில் படியெடுக்கும் பணி கோப்பு முறைமையை உறையவைக்கிறது. அந்நேரத்தில் வேறொரு பணி நினைவகம் கேட்கிறது. இடம் போதவில்லை, மீட்பு தொடங்குகிறது. மீட்புப் பணி உறைந்திருக்கும் அதே கோப்பு முறைமையின் கேஷைத் துழாவத் தொடங்குகிறது. துழாவும்போது யாரும் அந்தக் கோப்பு முறைமையைக் கழற்றிவிடக் கூடாதே என்று, அதன் தலைமைப் பூட்டைக் கையில் பிடித்துக்கொள்கிறது. ஒரு கோப்பின் விவரத்தை நீக்க முற்படுகிறது. அதற்கு வட்டில் எழுத வேண்டும். வாசல் அடைத்திருக்கிறது, எனவே இளகும்வரை காத்திருக்கிறது.

சிறிது நேரத்தில் படியெடுக்கும் வேலை முடிகிறது. இனி இளகச் செய்ய வேண்டியதுதான். ஆனால் இளகச் செய்வதற்கும் அந்தத் தலைமைப் பூட்டு தேவை. பூட்டு மீட்புப் பணியின் கையில். மீட்புப் பணி இளகுதலுக்காகக் காத்திருக்கிறது. இளகுதல் மீட்புப் பணிக்காகக் காத்திருக்கிறது. கால்வனாமீட்டரும் மின்கலமும் வேறு உருவில் வந்துவிட்டன! சில நொடிகளில் முடிய வேண்டிய உறைவு, யாரேனும் பொறியை நிறுத்தி மீண்டும் தொடங்கும்வரை நீடிக்கிறது. தகவலைக் காப்பதற்காகச் செய்த ஏற்பாடே பொறியை முடக்கிவிட்டது.

இதை முன்கூட்டிக் காண்பது ஏன் கடினம்? நினைவகப் பற்றாக்குறையும், உறைவும், நீக்க வேண்டிய அந்தக் குறிப்பிட்ட கோப்பும் ஒரே கணத்தில் கூட வேண்டும். ஆயிரம் இரவுகள் ஒன்றும் நேராமல் போகலாம். ஆயிரத்தோராவது இரவில் நேரும். மறுநாள் அதே பொறியில் சோதித்துப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும்.

வட்டத்தை அறுத்த வழிகள்

லினக்ஸ் பொறியாளர்கள் இவ்வகைச் சிக்கல்களைப் பல ஆண்டுகளாக ஒவ்வொன்றாகத் தீர்த்து வந்துள்ளனர். அவர்கள் வழிகளைக் கூர்ந்து பார்த்தால், 1971-இல் கூறப்பட்ட நான்கு நிபந்தனைகளில் ஏதேனும் ஒன்றை நீக்கும் வழியாகவே ஒவ்வொன்றும் அமைந்திருப்பதைக் காணலாம்.

முதல் வழி, கேட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவது. மீட்புப் பணி தலைமைப் பூட்டுக்காக ஒருபோதும் காத்திருப்பதில்லை. கிடைத்தால் எடுக்கும், கிடைக்காவிட்டால் அந்தக் கோப்பு முறைமையை விட்டுவிட்டு வேறிடத்தில் நினைவகம் தேடும். பிடித்துக்கொண்டு காத்திருத்தல் என்ற இரண்டாம் நிபந்தனை இங்கே தளர்கிறது.

இரண்டாம் வழி, முன்னெச்சரிக்கை. சிட்டையில் ஒரு மாற்றத்தை எழுதிக்கொண்டிருக்கும் பணி நடுவில் நினைவகம் கேட்டால், எனக்காகக் கோப்பு முறைமைக்குள் மட்டும் நுழைந்து தேடாதே என்ற குறிப்புடன் கேட்க வேண்டும். இல்லையேல் மீட்பு வந்து சிட்டையில் இடம் கேட்கும். சிட்டையோ இப்பணி முடிந்தால்தான் இடம் தரும். தன் காலைத் தானே கட்டிக்கொண்ட கதையாகிவிடும். முன்னர் ஒவ்வொரு கோரிக்கையிலும் தனித்தனியே இக்குறிப்பை எழுத வேண்டியிருந்தது. ஓரிடத்தில் மறந்தாலும் ஆபத்து. 2017-இல், ஒரு பணி இத்தகைய பகுதிக்குள் நுழையும்போதே ஒருமுறை குறித்துவிட்டால் வெளியேறும்வரை எல்லாக் கோரிக்கைகளுக்கும் அது பொருந்தும் என்ற ஏற்பாடு வந்தது.

மூன்றாம் வழி, ஹாவெண்டர் கூறிய வரிசை. 2012-இல் யான் காரா என்பவர் உறையவைக்கும் முறையைத் திருத்தி அமைத்தார். ஒரே வாசலுக்குப் பதிலாக மூன்று வாசல்கள் ஏற்பட்டன. சாதாரணமாக எழுத வருவோர் முதல் வாசலில் நிறுத்தப்படுவர். நினைவகத்தின் வழியாகவே கோப்பைத் திருத்துவோர் இரண்டாம் வாசலில். கோப்பு முறைமையின் உள்வேலைகள் மூன்றாம் வாசலில். இது ஏன்? முதல் வகையினர் வாசலைக் கடந்த பிறகே நினைவகப் பூட்டை எடுக்கிறார்கள். இரண்டாம் வகையினரோ நினைவகப் பூட்டை எடுத்த பிறகே வாசலுக்கு வருகிறார்கள். எதிரெதிர் வரிசை! இருவருக்கும் ஒரே வாசல் என்றால் வட்டம் உருவாக இடமுண்டு. வாசல்களைப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாக அடைத்தால் அனைவரும் ஒரே வரிசையில் அமைந்துவிடுவர்.

நான்காம் வழி, வேலையை வேறொருவரிடம் ஒப்படைப்பது. 2021-இல் எக்ஸ்.எஃப்.எஸ். முறைமையில் இம்மாற்றம் செய்யப்பட்டது. நீக்கப்பட வேண்டிய கோப்பின் விவரத்தை மீட்புப் பணி இப்போது தானே இறுதிவரை கவனிப்பதில்லை. அதை ஒரு வரிசையில் போட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறது. வட்டில் எழுதும் வேலையைப் பின்னணியில் உள்ள தனிப் பணியாள் பிறகு செய்கிறான். கோப்பு முறைமை உறைந்திருந்தால் அவனும் ஓய்வில் இருப்பான், இளகியதும் தொடர்வான். மீட்புப் பணி தலைமைப் பூட்டைப் பிடித்தபடி வாசலில் நிற்பதில்லை. ஆகவே மேலே கண்ட வட்டம் உருவாவதில்லை. இதற்கும் ஒரு விலை உண்டு. வரிசையில் நிற்கும் விவரங்கள் அதுவரை நினைவகத்தில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். எனினும் சற்று நெருக்கடி, முழு முடக்கத்தைவிட மேல் அல்லவா?

இவற்றுடன் ஒரு காவற்காரனும் உண்டு. 2006-இல் இங்கோ மோல்னார் என்பவர், பூட்டுகள் எடுக்கப்படும் வரிசையைக் கவனிக்கும் ஒரு கருவியை லினக்ஸில் சேர்த்தார். ஓரிடத்தில் முதல் பூட்டுக்குப் பின் இரண்டாவதும், வேறோரிடத்தில் இரண்டாவதற்குப் பின் முதலாவதும் எடுக்கப்பட்டால், உண்மையான முட்டுக்கட்டை நேராதிருக்கும்போதே அது எச்சரிக்கும். ஆயிரத்தோராவது இரவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பின்னர் நினைவக மீட்பையும் ஒரு பூட்டாகவே பாவித்துக் கண்காணிக்கும்படி இக்கருவி விரிவாக்கப்பட்டது. சில வேளைகளில் ஆபத்தில்லாத இடத்திலும் இது கூச்சலிடுவதுண்டு. அப்போது அது மெய்யா பொய்யா என்று ஆராய்வது மனிதரின் வேலை.

நமக்கு ஒரு பாடம்

1965-க்கும் 2021-க்கும் இடையே கணிப்பொறிகள் அடையாளம் தெரியாதபடி மாறிவிட்டன. எக்ஸ்-8 பொறியின் நினைவகத்தைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு இன்று ஒருவரின் சட்டைப்பையில் உள்ள தொலைபேசியில் இருக்கிறது. ஆனால் அன்று டைக்ஸ்ட்ரா கண்ட சிக்கல் மாறவில்லை. வேகமான பொறி அதைத் தீர்க்கவில்லை. பெரிய நினைவகமும் அதைத் தீர்க்கவில்லை. யார் யாருக்காகக் காத்திருக்கலாம் என்று முன்கூட்டியே சிந்தித்து வகுத்த விதிகளே அதைத் தீர்க்கின்றன.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவிக்காகக் காத்து நிற்கும்போது, உங்கள் கையில் என்ன இருக்கிறது, அதற்காக யார் காத்து நிற்கிறார்கள் என்று ஒரு கணம் பாருங்கள். வட்டம் எங்கே இருக்கிறது என்று தாளில் வரைந்து பாருங்கள். பிறகு அதை எங்கே அறுக்கலாம் என்று யோசியுங்கள். ஐந்தோவன் மாணவர்கள் 1965-இல் விடை எழுதிய அதே கணக்கை நீங்களும் போட்டுப் பார்த்தவர்கள் ஆவீர்கள்.